பகல் ரயிலில் இடமில்லை

கிராட்ஸ், 2 நவம்பர் 1986

ராதோயே அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அண்ணன் என்பதைக்கூடப் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவைத்தேன்.

அம்மாவை அடக்கம் செய்த கையோடு, உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நான் வண்டி ஏறியது ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

அன்று காலை ஆஸ்திரிய வண்டியிலிருந்து பெல்கிரேடு ஸ்டேஷனில் இறங்கினேன். ஊருக்குப் போகிற பகல் ரயில் எதிர் மேடையிலேயே நின்றது. “அண்ணா, இதுலயே ஏறிடலாம்” என்றேன். நீ என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாய். “இதுல இடமில்லடி. ராத்திரி வண்டியில ரெண்டு படுக்கை போட்டு வச்சிருக்கேன். அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, மார்ச்சளி. எத்தன வருசமா ஊரச் சுத்திக் காட்டுன்னு நச்சரிக்கிற, வா இன்னிக்கு.”

நச்சரித்தேன்தான். ஒவ்வொரு விடுமுறைக்கும் பெல்கிரேடில் வண்டி மாறுகிறவள், ஸ்டேஷன் கழிப்பறையைத் தாண்டி அந்த ஊரில் எதையும் பார்த்ததில்லை. உனக்கு எப்போது பார்த்தாலும் டிராம் டியூட்டி. அதனால் ஆட்டுக்குட்டி மாதிரி உன் பின்னால் வந்தேன். கோட்டைக்குக் கூட்டிப் போனாய். மதில்மேல் உட்காரவைத்து, சாவா ஆறு எங்கே டான்யூபில் விழுகிறது என்று விரல் நீட்டிக் காட்டினாய். மிருகக்காட்சிசாலையில் அந்தக் கிழட்டு முதலையைப் பார்த்து, “நம்ம டிப்போ மேனேஜர் மாதிரியே இருக்கான் பாரு, அசையவே மாட்டான், சம்பளம் மட்டும் வாங்குவான்” என்றாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கேக் கடையில் ஷாம்பிட்டா வாங்கித் தந்தாய். மூக்கெல்லாம் வெள்ளை நுரை ஒட்டியது. அதையும் நீ என் கேமராவில் படம் எடுத்தாய்.

அம்மாவுக்குக் கம்பளிச் செருப்பு வாங்கினேன். “சிவப்பா, நீலமா?” என்று கேட்டேன். “எதுவா இருந்தா என்ன” என்று தெருவைப் பார்த்தாய். எனக்குச் சுருக்கென்றது. சிவப்பை எடுத்தேன்.

பிறகு தேவாலயம். மேல்தட்டில், உயிரோடு இருப்பவர்களுக்கான இடத்தில், அம்மாவுக்குக் குணமாகட்டும் என்று மெழுகுவத்தி ஏற்றினேன். திரும்பினால், நீ குனிந்து கீழ்த்தட்டு மணலில், செத்தவர்களுக்கான இடத்தில், ஒன்றை நட்டுக்கொண்டிருந்தாய். “யாருக்குண்ணா?” “அப்பாவுக்கு.”

பொய். அது அம்மாவுக்கு. உனக்குத் தெரியும். காலையிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே என்னைச் சிரிக்கவைத்தாய், நுரை தின்னவைத்தாய்.

மறுநாள் விடியும்போது மலையில் வீட்டுக்கு ஏறினோம். நம் வாசல் கதவில் கறுப்புக் கட்டம் போட்டுக் கையால் எழுதிய சாவு நோட்டீஸ். அதில் அம்மாவின் படம், அடக்க நேரம், அவ்வளவுதான். என் கையில் செருப்புப் பொட்டலம். அந்தக் கணத்துக்காக நான் சாகிறவரை உன்னை மன்னிக்கமாட்டேன். சவப்பெட்டிக்குள் கிடந்த காலில் அந்தச் சிவப்புச் செருப்பை நான்தான் மாட்டினேன். அளவு சரியாக இருந்தது.

நாற்பதாம் நாள் பூசைக்கு நீ போய்க்கொள். நான் வரவில்லை.

விதா


பெல்கிரேடு, 16 நவம்பர் 1986

அன்புள்ள விதா,

நீ எழுதாவிட்டால் போகிறது, நான் எழுதுகிறேன். அன்புள்ள விதா.

உன் கடிதத்தை டிப்போவில் வைத்துப் படித்தேன். அடுத்த சுற்றில் ஒரு நிறுத்தத்தை விட்டுவிட்டு ஓட்டிப் போய்விட்டேன். உள்ளே இருந்த பெண்கள் என்னைத் திட்டிய திட்டு, உன் திட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நான் சொன்னது பொய்தான். பகல் ரயிலில் இடம் இருந்தது. ஆனால் கேள். நம் மலைப்பக்கத்தில் என்றைக்காவது, யாராவது, போனில் “செத்துட்டாங்க” என்று சொல்லியிருக்கிறார்களா? அப்பா போனபோது பக்கத்து வீட்டு ஸ்தானா அக்காவின் புருஷன் எனக்கு என்ன சொன்னார்? “உங்கப்பாவுக்குக் கொஞ்சம் முடியல. ஒரு எட்டு வந்துட்டுப் போ.” வந்து பார்த்தால் குழி வெட்டியாகிவிட்டது. மாமா போனபோதும் “முடியல”. பயணம் வருகிறவன் வழியில் இடிந்துவிடக் கூடாது, வீடு வந்து சேர்ந்து, சொந்தபந்தம் பிடித்துக்கொண்ட பிறகு அழட்டும் என்று வைத்த வழக்கம். நீ வெளியூரிலேயே இருந்து மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை.

ஸ்தானா அக்கா டிப்போவுக்குப் போன் பண்ணினாள். “அம்மாவுக்கு உடம்பு முடியல ராதோயே. தங்கச்சியையும் வரச்சொல்லி, கூட்டிக்கிட்டு வந்துரு.” தங்கச்சியையும் என்றாளே! ஆஸ்திரியாவில் இருப்பவளைச் சளிக்கா கூப்பிடுவார்கள்? போனை வைத்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒருவன் தோளை அழுத்தினான். இன்னொருவன் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தான். ஒருத்தனும் எதுவும் கேட்கவில்லை. “உயிரோட இருக்காங்களா” என்று திருப்பிக் கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை விதா. கேட்டால், சொல்கிறவளை அந்த வார்த்தையைச் சொல்லவைத்த பாவம்.

ராத்திரி வண்டி ஏன்? பகல் வண்டியில் பொழுது முழுக்க எதிரெதிரே உட்கார வேண்டும். என் முகத்தை நீ படித்துவிடுவாய், சின்ன வயதிலிருந்தே படிப்பாய். ராத்திரி வண்டியில் விளக்கை அணைத்துவிடுவார்கள். நீ தூங்கினாய். நான் மேல்படுக்கையில் கம்பளியைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அதோடு, இனிமேல் நீ எந்தக் காலத்தில் சிரிக்கப் போகிறாய் என்று இருந்தது. ஒரு பகலாவது சிரிக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்தப் பொய்க்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அதற்காக மட்டும் திட்டு.

உன் அண்ணன்
ராதோயே


கிராட்ஸ், 10 ஜனவரி 1987

அண்ணா,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய காய்ந்த அத்திப்பழம் வந்தது. பாதிக்குமேல் புழு. மீதியைத் தின்றேன்.

படச்சுருளை இப்போதுதான் கழுவிக் கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஹெர்மினேயிடம் காட்டினேன். கோட்டை மதில்மேல் நாம் இருக்கிற படம், யாரோ ஒரு சிப்பாயிடம் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னோமே, அதுதான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். “உன் அண்ணன் ஏன் உன்னையே பாக்குறாரு? ஆத்தப் பாக்கத்தானே வந்தீங்க?”

அப்போதுதான் நான் பார்த்தேன். நீ இருக்கிற எல்லாப் படத்திலும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன் முகம் எவ்வளவு வற்றிக் கிடக்கிறது! நான் எப்படி அன்று கவனிக்காமல் போனேன்? நுரை தின்கிற மும்முரத்தில் இருந்திருக்கிறேன்.

உன்னை முழுசாக மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பாதி. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். நாம் எந்த வண்டியில் போயிருந்தாலும் அம்மா நமக்குக் கிடைத்திருக்கமாட்டாள். அவள் ஏற்கெனவே போய்விட்டாள். அது ஒன்றுதான் என்னைத் தூங்கவைக்கிறது. இல்லாவிட்டால் அந்த முதலையையும் ஷாம்பிட்டாவையும் நினைத்து நினைத்தே எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஏப்ரலில் ஆறாம் மாதப் பூசைக்கு வருகிறேன். நீயும் வா. பூசைக்குக் கோதுமை வேகவைக்க நான், குடித்துவிட்டு உளற நீ.

விதா


பெல்கிரேடு, 1 பிப்ரவரி 1987

அன்புள்ள விதா,

இந்தக் கடிதத்தை எத்தனை தடவை ஆரம்பித்துக் கிழித்தேன் என்று கேட்காதே.

அத்திப்பழக்காரனைப் போய்ப் பிடித்தேன். “புழுவுக்குத் தனியாக் காசு கேக்கலையே” என்கிறான்.

நீ பாதி மன்னித்தது போதும். மீதியை வைத்துக்கொள், எப்போதாவது தேவைப்படும். ஏப்ரலுக்கு வரப் பார்க்கிறேன். நெஞ்சுப் பக்கம் ஏதோ பிடிப்பு, டாக்டர் மலை ஏறாதே என்கிறார். டிராம் வேலையையும் விட்டுவிட்டு ஊரோடு போகலாமா என்று இருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எந்த வண்டியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்கிற பேச்சை இனி எழுதாதே. தயவுசெய்து.

ராதோயே


நம் வீடு, கொலாஷின் மலை, 19 ஏப்ரல் 1987

ராதோயே,

பூசை முடிந்தது. நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறது.

எல்லாரும் போன பிறகு ஸ்தானா அக்காவும் நானும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அம்மாவின் சீப்பு ஜன்னலில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன், இன்னும் முடி சுற்றியிருந்தது. “கடைசியா நாந்தான் வாரிவிட்டேன்” என்றாள் அவள். குளிப்பாட்டும்போது வாரினாள் என்று நினைத்து, “உனக்குப் புண்ணியம் அக்கா” என்றேன்.

“நல்லாத்தான் உக்காந்து வாரிக்கிட்டா. மத்தியானம். பிள்ளைங்க வருதுங்க, பேய் மாதிரி இருக்கேன், வாரிவிடுடின்னா.”

என் கையிலிருந்த தட்டு விழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு நேரம் பொத்த முடியும்? தோளைப் பிடித்து உலுக்கினேன். எல்லாம் வந்தது.

அம்மா உயிரோடு இருந்தாள். நாம் மதில்மேல் உட்கார்ந்திருந்தபோது உயிரோடு இருந்தாள். முதலையைப் பார்த்துச் சிரித்தபோது இருந்தாள். “பகல் வண்டியிலதான் வருவாங்க, அவளுக்குப் பொறுமை கிடையாது, முதல் வண்டிய விடமாட்டா” என்று என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் ரயில் போகிற குகையிலிருந்து வண்டி ஊதிக்கொண்டு வந்ததும், தலையைத் தூக்கி, “கதவத் திற” என்றாளாம். ஸ்தானா அக்காவின் புருஷன் நம்மை ஏற்றிவர ஸ்டேஷனில் காத்திருந்து தனியாகத் திரும்பி வந்தார். “அடுத்த வண்டில வருவாங்க” என்று சொல்லியிருக்கிறார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. இருட்டுகிறபோது போய்விட்டாள்.

“ஏன் அக்கா, முடியலன்னு சொன்னியே?” என்று கத்தினேன். அவள் அழுதாள். “முடியலைன்னா முடியலதான். உண்மையத்தானேடி சொன்னேன்? வேற எப்பிடிச் சொல்றது?”

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. உனக்கு எப்போது தெரியும்?

விதா


பெல்கிரேடு, 3 மே 1987

விதா,

அடக்கத்தன்றே தெரியும்.

சவக்குழியிலிருந்து திரும்பி வந்து அடுப்படியில் தண்ணீர் கேட்டேன். ஸ்தானா அக்கா கேட்டாள், “பகல் வண்டிக்கு ஏண்டா வரல? எவ்வளவு நேரம் பாத்தா தெரியுமா?” தண்ணீரைக் கீழே வைத்தேன். அவள் காலைப் பிடித்தேன். “தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிராத” என்றேன். அவள் இத்தனை நாள் காப்பாற்றினாள், பாவம்.

நீ முதல் கடிதத்தில் என்னைப் பொய்யன் என்று கிழித்தாயே, எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? பொய்க்காக நீ என்னை வெறுத்தால், அதோடு போய்விடும் என்று இருந்தேன். செத்தவளைப் பற்றிப் பொய் சொன்ன அண்ணனாக இருந்துவிட்டுப் போகிறேன். உயிரோடு இருந்தவளைக் காத்திருக்கவைத்த அண்ணனாக இருக்க என்னால் முடியவில்லை.

நீ சரியாகச் சொன்னாய், அந்த மெழுகுவத்தி அம்மாவுக்குத்தான். அப்பாவுக்கு அல்ல. மத்தியான மணி அடித்தது நினைவிருக்கிறதா? ஸ்தானா அக்கா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்திருப்பாள். நான் என் கையால், மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற என் அம்மாவுக்கு, செத்தவர்கள் தட்டில் விளக்கு ஏற்றினேன் விதா. ஏற்றிவிட்டு, “நிம்மதியாப் போம்மா” என்றேன். அவள் போய்விட்டாள். பாதிரியாரிடம் போய்ச் சொன்னேன். “அப்படியெல்லாம் இல்லப்பா, ஆண்டவர் தட்டைப் பார்க்கிறதில்லை” என்றார். அவருக்கென்ன, சொல்வார்.

உனக்கு வார்த்தை வார்த்தையாகவே பட்டது. முடியவில்லை என்றால் முடியவில்லை. நீ மேல்தட்டில் ஏற்றினாய். நான் ஊர் வழக்கமெல்லாம் தெரிந்த பெரிய மனிதன். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

இனி நீ எழுதமாட்டாய் என்று தெரியும். எழுதாதே. ஆனால் சாப்பிடு.

ராதோயே


நம் வீடு, 6 செப்டம்பர் 1987

அன்புள்ள விதா,

பதில் வராது என்று தெரிந்தும் தபால்காரனைப் பார்க்கிறேன். அவன் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து தலையாட்டிவிட்டுப் போகிறான், ஏறி வருகிற கஷ்டம் அவனுக்கு மிச்சம்.

ஊரோடு வந்துவிட்டேன். சாயங்காலம் பகல் வண்டி வருகிற நேரத்தில் வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்துவைக்கிறேன். ஏன் என்று கேட்காதே. ஸ்தானா அக்கா, “பைத்தியக்காரா, மாடு உள்ள வந்துரும்” என்கிறாள். வரட்டும்.

வாசல் கதவில் அந்த நோட்டீஸ் ஒட்டிய பசைக் கறை போகவே இல்லை. சுரண்டிப் பார்த்தேன். கடைசியில் கதவு முழுக்கப் பச்சை அடித்துவிட்டேன், நல்ல பளீரென்ற டிராம் பச்சை. குகையை விட்டு வெளியே வந்தால் ரயிலிலிருந்தே தெரியும். இடப்பக்க ஜன்னல்.

நெஞ்சு அப்படியேதான் இருக்கிறது. இதை நான் சொன்னபடியே எடுத்துக்கொள்.

ராதோயே


பகல் ரயிலில், 8 நவம்பர் 1987

அன்புள்ள அண்ணா,

எழுதிவிட்டேன் பார், அன்புள்ள.

நேற்று மத்தியானம் சலவைக்கூடத்துக்குப் போன் வந்தது. ஸ்தானா அக்கா. “ராதோயேவுக்கு உடம்பு முடியல விதா. கெளம்பி வந்துரு.”

நான் கேட்டேன் அண்ணா. நீ கேட்காததை நான் கேட்டேன். ஹெர்மினே பயந்து ஓடிவருகிற அளவுக்குக் கத்திக் கேட்டேன். “உயிரோட இருக்கானா? ஒழுங்காச் சொல்லுக்கா!” அவள் அழுதாள். “முடியலன்னுதானேடி சொல்றேன்” என்றாள். லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

காலையில் பெல்கிரேடில் இறங்கினேன். டிக்கெட் கொடுப்பவர், “பகல் வண்டில இடமில்லம்மா, ராத்திரி வண்டில படுக்கை இருக்கு. அதுவரைக்கும் ஊரச் சுத்திப் பாருங்களேன்” என்றார். நான் சிரித்த சிரிப்பில் மனிதர் மிரண்டுவிட்டார். நின்றுகொண்டே வருகிறேன் என்று ஏறிவிட்டேன். நடைபாதையில் என் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்.

பக்கத்தில் ஒரு அம்மாள் வறுத்த கோழியைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துக்கொண்டு வந்தாள். “யாரப் பாக்கப் போற?” “எங்கண்ணன.” “என்னவாம்?” “உடம்பு முடியலையாம்” என்றேன். உடனே அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். கோழியை மூடிவைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அவளை அறையலாம் போல் வந்தது. “எங்கண்ணன் உயிரோட இருக்கான்!” என்று கத்தினேன். நடைபாதை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “இருக்கட்டும்மா, இருக்கட்டும்” என்று அவள் முதுகைத் தடவுகிறாள். தடவத் தடவ எனக்குப் பயம் ஏறுகிறது.

உனக்கு எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல அண்ணா. முதலில் கோபம்தான். பிறகு வெட்கம். “இதுலயே ஏறிடலாம்” என்று சொன்னவள், ஏன் ஏறாமல் உன் பின்னால் வந்தேன்? நான் பிடிவாதம் பிடித்திருந்தால் நீ விட்டிருப்பாய். எனக்கும் ஊர் சுற்ற ஆசையாக இருந்தது. மன்னிப்பின் அந்த மீதிப் பாதியை அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் மெழுகுவத்தி விற்றார்கள், மெல்லிசாக, மஞ்சளாக. ஒன்று வாங்கினேன். தேவாலயத்துக்குப் போக நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் போயிருக்கமாட்டேன். மேல்தட்டா கீழ்த்தட்டா என்று எனக்குத் தெரியாது. பையில் ஏற்றாமல் கிடக்கிறது. நீ இருந்தால் நாம் இரண்டு பேரும் போய் மேலே ஏற்றுவோம். நீ இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை உன் கையில்தான் கொடுப்பேன். படித்துவிட்டு, “கழுதை, ஒரு காய்ச்சலுக்கு இவ்வளவு ஒப்பாரியா” என்று சிரி. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன்.

கடைசிக் குகைக்குள் நுழைந்துவிட்டோம். வண்டி ஊதுகிறது. நீ இருந்தால் இப்போது எழுந்து கதவைத் திறக்கப் போவாய். அந்த அம்மாள் என்னை இடப்பக்க ஜன்னலுக்கு நகர்த்திவிட்டாள். வெளிச்சம் வந்ததும் அந்தப் பச்சை தெரியும்.

அந்தப் பச்சையின்மேல் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது அண்ணா.

விதா